ஒட்டுக்காரர் வீட்டு மேடம்

பஞ்சர் கடை வைத்திருப்பவரை ஊர் பஞ்சர்காரர் என்றுதான் கூப்பிடும். இவரை மட்டும் ஒட்டுக்காரர் என்றார்கள். மற்ற கடைகளில் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது தேறாது, புதுசு போட்டுடுங்க" என்று கையைத் துடைத்துக்கொள்வார்கள். இவர் வாயில் அந்தச் சொல் வராது. ஒட்டின்மேல் ஒட்டு, அதன் ஓரத்தில் இன்னொரு ஒட்டு என்று போட்டுக்கொண்டே போவார். வண்டிக்காரர் சலித்துக்கொண்டால், "நல்ல ட்யூபுங்க. நடுவுல கொஞ்சம் ஓட்டை, அவ்வளவுதான்" என்பார். பக்கத்து மளிகைக் கடைக்காரருக்கு இதில் தனி ஆனந்தம். "சல்லடையைக் கொண்டுபோய்க் குடுத்தாலும் ஒட்டிக் குடுத்துருவார்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

இதைத் திறமை என்றும் சொல்லலாம். ஆனால் நாம் ஏன் பொய் சொல்ல வேண்டும்? பாதி பிடிவாதம்தான். ஒரு பொருளைத் தேறாது என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

கடைக்கு மேலேயே வீடு. இரண்டு அறை, ஒரு சின்ன பால்கனி. ஏறி இறங்கப் பக்கவாட்டில் ஓர் இரும்புப் படிக்கட்டு. அந்தப் படியில் ஒரு காலத்தில் தடதடவென்று இறங்கி வேலைக்கு ஓடியவள் அவர் மனைவி. சீருடை தைக்கும் கம்பெனியில் காலர் வைப்பதில் அவள் கையை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கைதான் முதலில் மக்கர் செய்தது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் முடித்து டாக்டர் சொன்னார்: "இது குணமாகிற வியாதி இல்லம்மா. பராமரிச்சுக்கிட்டுப் போகலாம்."

குணமாகாது என்பது அவள் காதில் விழுந்தது. பராமரிக்கலாம் என்பது இவர் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் வேலையில் இறங்கிவிட்டார். கதவுக் கைப்பிடிக்கு ட்யூபைச் சுற்றினார். கரண்டிக் காம்பு, சீப்பு, பல் தேய்க்கும் பிரஷ் எல்லாவற்றுக்கும் பிடிக்க வாகாக ரப்பர் சுற்றினார். குழாய்த் திருகில் ஒரு நீளக் கம்பியை வைத்து, விரலே படாமல் முழங்கையால் தள்ளித் திறக்கும்படி செய்தார். அவள் எதற்காவது எழுந்தால், "நீ உக்காரு, நான் பாத்துக்கிறேன்" என்பார். அவளுக்கு என்ன வேண்டும் என்பதை அவளைவிட அவர்தான் நன்றாக அறிந்தவர் என்பது அவருடைய எண்ணம்.

இந்த வீட்டுக்குத்தான் அந்தக் கோழி வந்து சேர்ந்தது. முட்டைப் பண்ணையில் முட்டை ஓய்ந்த கோழிகளைக் கறிக்கடைக்கு ஏற்றிப்போன வேன் ஒன்று கடை வாசலில் டயர் வெடித்து நின்றது. ஒட்டுக்காரர் சக்கரத்தைக் கழற்றி மாட்டி அனுப்பிய பிறகு பார்த்தால், பழைய டயர் அடுக்குக்குப் பின்னால் மண் நிறத்தில் ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. வேன்காரன் வருவான் வருவான் என்று இரண்டு நாள் கட்டி வைத்திருந்தார். வரவில்லை. ஓய்ந்துபோனது என்று பண்ணைக்காரன் கணக்கு முடித்த அந்தக் கோழி, மறுநாளே ஒரு டயருக்குள் உட்கார்ந்து முட்டை போட்டது. ஒட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. முட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு மளிகைக் கடைக்காரரிடம் ஓடினார். "பாத்தீங்களா? இதைத் தேறாதுன்னு தள்ளிவிட்டிருக்கான்!"

மாடிக்குக் கொண்டுபோய் மனைவியின் மடியில் வைத்தார். அது கொஞ்சமும் கூச்சப்படாமல் அறை அறையாக நடந்து, ஒவ்வொரு மூலையையும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு வந்தது. "சோதனை போட வந்த ஆபீசர் மாதிரி இருக்கே. மேடம், எல்லாம் சரியா இருக்குங்களா?" என்றாள் அவள். அன்றிலிருந்து அதற்கு மேடம் என்றே பெயர். காலையில் விரல் மடங்காத நேரத்தில் மேடம் அவள் மடியில் உட்காரும். அவள் இரண்டு கையையும் அதன் இறக்கைக்கு அடியில் செருகிக்கொள்வாள். கோழியின் உடம்புச் சூட்டில் விரல்கள் மெல்ல இளகும். எந்தத் தைலமும் செய்யாத வேலையை அந்தக் கோழி செய்தது.

மூன்றாம் வருஷம் மேடத்துக்கு நோய் கண்டது. கழுத்துக்குக் கீழே, தின்றதெல்லாம் முதலில் போய்த் தங்குகிற தீனிப்பை காலியாகாமல் நின்றுவிட்டது. பை நாளுக்கு நாள் தொங்கி, நடந்தால் இப்படியும் அப்படியும் ஆடியது. வாயைத் திறந்தால் புளித்த நாற்றம். கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பையோட தசை தளர்ந்துபோச்சு. அறுத்துத் தைச்சாலும் திரும்பத் தொங்கும். இது குணமாகாதுங்க. தினமும் நீவி விட்டு, தண்ணி மாதிரி தீனி குடுத்துப் பராமரிக்கலாம். ரொம்பக் கஷ்டப்படுதுன்னு தோணுற அன்னிக்குக் கொண்டு வாங்க. வலியில்லாம அனுப்பிடலாம்."

"கஷ்டப்படுதுன்னு எப்படிங்க தெரியும்?"

"பாத்தாலே தெரியும்."

வேறொரு ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டர் சொன்ன வார்த்தை அப்படியே இங்கேயும் வந்து நிற்கிறது. அனுப்பிடலாம் என்பதை மட்டும் ஒட்டுக்காரர் மாடிக்குக் கொண்டுபோகவில்லை. "பராமரிக்கலாம்னு சொல்லிட்டாங்க" என்று மனைவியிடம் சொன்னார். அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி" என்றாள்.

அன்றிலிருந்து கடை திறக்குமுன் கோழியை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு பையை நீவுவார். கரைத்த தீனியை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடுவார். மத்தியானம் ஒரு தடவை, கடை சாத்தியதும் ஒரு தடவை. ஆனாலும் பை தொங்கியது. தொங்குகிற பையைத் தாங்கிப் பிடிக்க ஏதாவது இருந்தால் தீனி கீழே இறங்கும் அல்லவா? இந்த யோசனை வந்த அன்று அவர் கடையில் வேறு வேலையே பார்க்கவில்லை. மெல்லிய சைக்கிள் ட்யூபை அளவாக வெட்டி, மார்புக்கு ஒரு தொட்டில் மாதிரி செய்து, இறக்கைக்கு அடியில் இரண்டு பட்டை கொடுத்து, முதுகில் குறுக்காகக் கொண்டுவந்து சேர்த்தார்.

இந்த இடத்தில்தான் அவர் தொழில் அவரைக் கவிழ்த்தது. வேறு யாராக இருந்தாலும் முதுகில் முடிச்சுப் போட்டிருப்பார்கள், இல்லை ஒரு பட்டன் வைத்திருப்பார்கள். ஒட்டுக்காரர் ஒட்டினார். பட்டையின் இரண்டு முனையையும் அரம் வைத்துத் தேய்த்து, பசை தடவி, காயவிட்டு, அழுத்தி, யானை கட்டி இழுத்தாலும் பிரியாதபடி ஒட்டினார். அவருடைய கடைச் சட்டம் அது. ஒட்டினது பிரியக் கூடாது.

வேலை செய்தது. அதுதான் கொடுமை. பை மேலே ஏறி நின்றது, தீனி இறங்கியது, மேடம் பழையபடி அறை அறையாகச் சோதனைக்குக் கிளம்பினாள். கறுப்புப் பட்டையோடு அவள் பால்கனியில் நிற்பதைப் பார்க்கத் தெருவில் ஆள் நின்றது. மளிகைக் கடைக்காரர் மாடியேறி வந்து பார்த்துவிட்டு, "மேடத்துக்கு ஸ்கூல் பேக்கா?" என்றார். ஒட்டுக்காரரின் மனைவி ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு ஒட்டுக்காரர் ஒரு மாதம் காற்றில் நடந்தார்.

பிறகு வெயில் ஏறியது. நாற்றம் கூடியது. புளித்த நாற்றம்தானே, பழக்கம்தானே என்று அவர் விட்டுவிட்டார். பட்டையைச் சுற்றித் துடைப்பார், பட்டைக்கு அடியில் துடைக்க வழியில்லை. மேடம் தன் மார்பைத் தானே கொத்திக்கொள்வதை மனைவிதான் முதலில் பார்த்தாள். "என்னவோ பண்ணுதுங்க அதுக்கு. அவுத்துப் பாருங்களேன்" என்றாள்.

"அவுத்தா திரும்ப ஒட்டணும். ரெண்டு நாள் போகட்டும்" என்றார்.

இரண்டு நாள் என்பது ஒரு வாரமானது. கடைசியில் பிளேடால் பட்டையை அறுத்தபோது ரப்பரோடு இறகும் தோலும் சேர்ந்து வந்தன. அடியில் சதை வெந்துபோய், ஈரமாக, புழு நெளிந்துகொண்டிருந்தது. ஒட்டுக்காரர் பிளேடைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைகூட இல்லை இது. குரங்கு உயிரோடாவது இருக்கும்.

டாக்டரம்மா காயத்தைக் கழுவினாள், புழுவை எடுத்தாள், அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. "உடம்புல சத்து இல்ல. இது ஆறுறது கஷ்டம். பையும் மறுபடி தொங்கிடுச்சு. வீட்ல பேசி முடிவு பண்ணுங்க" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, புண்ணுக்கு மருந்தும் பஞ்சும் வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் எதையும் பேசவில்லை. காலையில் நீவல், பிறகு சிரிஞ்ச், பிறகு பஞ்சு. மருந்து பட்டதும் மேடம் போடுகிற சத்தம் கோழிச் சத்தமாகவே இருக்காது. கடைக்கு வரும் ஆட்கள்கூட மேலே நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அந்தச் சமயத்தில் மனைவியின் தம்பி வந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அன்பானவன்தான், ஆனால் அவன் வாய்க்கும் மூளைக்கும் நடுவில் கதவு கிடையாது. மூக்கைப் பொத்திக்கொண்டே உள்ளே வந்தான்.

"என்ன மாமா, வீடா இது? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிடுச்சே! ஒரு கோழிக்கு எதுக்கு இந்தப் பாடு?"

"இருக்கட்டும் மாப்ள."

"எதுக்கு இருக்கட்டும்ங்கிறேன்? தேறப் போறதில்லன்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதுக்கும் நரகம், பாத்துக்கிறவங்களுக்கும் நரகம். ஒரேயடியா முடிச்சுட்டா எல்லாருக்கும் நிம்மதி."

அவன் அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு. ஒட்டுக்காரருக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, "வாயை மூடுறா!" என்று கத்தினார். "தேறாதவங்களை முடிச்சுக் கட்டுற பேச்செல்லாம் உன் வேனோட வச்சுக்கோ. இந்த வீட்ல யாரையும் யாரும் அனுப்பப் போறதில்ல!"

யாரையும் என்ற சொல் அறையின் நடுவில் விழுந்து கிடந்தது. தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் செத்துப்போய், "அக்கா, நான் கோழியைத்தான்..." என்று தொடங்கி முடிக்காமல் எழுந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒட்டுக்காரருக்கு இருந்த பயம் இதுதான். ஒருநாள் கூடையோடு ஆஸ்பத்திரிக்குப் போய், வெறுங்கூடையோடு படியேறி வந்தால், அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளின் முகத்தில் எப்படி முழிப்பது? குணமாகாத ஒன்றை, எந்நேரமும் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒன்றை, இவர் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு காலையும் எழுந்து என்ன நினைத்துக்கொள்வாள்? அதனால்தான் கோழி இருந்தாக வேண்டும். கோழிக்காக அல்ல.

மறுநாள் காலை அவர் சிரிஞ்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது மனைவி சொன்னாள்: "அதைக் கீழ வைங்க. கொஞ்சம் பேசணும்."

"தீனி ஆறிடும்."

"ஆறட்டும். நீங்க இந்தக் கோழியை எனக்காகத்தானே வச்சிருக்கீங்க?"

அவர் காயத்தில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னு நீங்க சொல்லல. ஆனா உங்க மூஞ்சி சொல்லிடுச்சு. அன்னிக்கே தெரியும் எனக்கு. நீங்க மருந்து வைக்கிறப்ப அது கத்துதே, அந்தச் சத்தம் எனக்கு எப்படி இருக்கு தெரியுமா? அது எனக்காகக் கத்துது. நான் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு அது தினமும் மூணு வேளை கத்துது. அந்தப் பாரத்தை ஏன் என் தலையில வைக்கிறீங்க?"

"அப்போ நாளைக்கு உனக்கு முடியாம போனா..." என்று அவர் கோபமாகத்தான் தொடங்கினார். குரல் உடைந்துவிட்டது.

"முடியாம போனா நான் சொல்றேன். எனக்கு வாய் இருக்கு. அது வாயில்லா ஜீவன். ரெண்டு பேரையும் ஏன் ஒரே தராசுல வைக்கிறீங்க? நான் இருக்கணும்னு சொல்றேன். நல்லாக் கேட்டுக்குங்க. வலிச்சாலும் இருக்கணும். மக வீட்டுக்குப் போகணும், பேத்தியைப் பாக்கணும், உங்ககூடச் சண்டை போடணும். இதெல்லாம் நீங்க என்னை என்னிக்காவது கேட்டீங்களா?"

அவர் கேட்டதில்லை. சுற்றினார், ஒட்டினார், தூக்கினார், உட்கார வைத்தார். ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

"இன்னொண்ணு சொல்லவா? கரண்டிக்கெல்லாம் ரப்பர் சுத்திவச்சிருக்கீங்களே, கனம் தாங்கல. தூக்கினா மணிக்கட்டு விண்ணுன்னு வலிக்குது."

"எவ்வளவு நாளா?"

"சுத்தின நாளா."

"ஏன்டி சொல்லல?"

"ஆசையாச் செஞ்சீங்க. சொன்னா ஒடிஞ்சு போயிடுவீங்கன்னு பேசாம இருந்தேன். தப்புதான். நான் வாயிருந்தும் சொல்லல, நீங்க காதிருந்தும் கேக்கல. நடுவுல அந்தக் கோழிதான் மாட்டிக்கிச்சு. இப்ப அது என்ன சொல்லுதுன்னு கொஞ்சம் பாருங்க. புண்ணைப் பாக்காதீங்க. அதைப் பாருங்க."

ஒட்டுக்காரர் பார்த்தார். இத்தனை மாதமாக அவர் பையைப் பார்த்திருக்கிறார், பட்டையைப் பார்த்திருக்கிறார், புண்ணைப் பார்த்திருக்கிறார். மேடம் சுவர்ப்பக்கமாகத் திரும்பி நின்றிருந்தாள். இறகெல்லாம் சிலிர்த்து, கழுத்து உள்ளே இழுபட்டு, கண் பாதி மூடியிருந்தது. சிரிஞ்சை அவர் அசைத்தபோது, தீனி வருகிறது என்று நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் சுவரை ஒட்டி நகர்ந்தாள். அவர் கைக்குப் பயந்து நகர்ந்தாள். பார்த்தாலே தெரியும் என்று டாக்டரம்மா சொன்னது இதைத்தான். தெரிந்துவிட்டது. அவருக்கு அழுகை வந்தது. தோளில் கிடந்த கடைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அன்று அவர் நீவவில்லை, மருந்து வைக்கவில்லை. கூடையில் துணி விரித்து மேடத்தைப் படுக்க வைத்தார். "நீ உக்கா..." என்று பழக்கத்தில் தொடங்கியவர், நிறுத்திக்கொண்டார். "நீ வர்றியா?" என்றார்.

"வர்றேன்."

இரும்புப் படியில் அவள் ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் சேர்த்து வைத்து வைத்து இறங்கினாள். மளிகைக் கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து நின்றார். கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தவர் கூடையைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரி மேஜை குளிர்ந்த தகரம். டாக்டரம்மா முதலில் தூங்க ஓர் ஊசி, பிறகு இன்னொன்று என்று விளக்கினாள். "யார் பிடிச்சுக்கிறீங்க?"

ஒட்டுக்காரர் கையை நீட்டினார். பிறகு மனைவியைப் பார்த்தார். "உன்னால பிடிச்சுக்க முடியுமா?"

"முடியும்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து மேடத்தை மடியில் வைத்துக்கொண்டாள். காயத்தில் படாமல் ஒரு கை முதுகில், ஒரு கை காலுக்கு அடியில். முதல் ஊசிக்கு ஒரு சின்ன முனகல். பிறகு தலை மெல்ல அவள் மணிக்கட்டின்மேல் சாய்ந்தது. இரண்டாவது ஊசிக்கு ஒன்றுமே இல்லை. டாக்டரம்மா காதில் குழாயை மாட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "போயிடுச்சும்மா" என்றாள். மனைவி கோழியை உடனே கொடுக்கவில்லை. "மேடம், எங்களை மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தாள். ஒட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். செய்தது சரிதான் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன? நெஞ்சில் கிடந்த கல் இம்மியும் நகரவில்லை. பட்டையை ஒட்டிய கை அவருடையது. அதை எந்த ஊசியும் சரி செய்யாது.

ஆஸ்பத்திரிப் பின்புறத்தில் அவர்களே புதைத்துவிடுவார்கள் என்றார்கள். வெளியே வந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. அவர் வண்டி பிடிக்கக் கையைத் தூக்கினார்.

"வேணாம். கொஞ்ச தூரம் நடக்கலாம்" என்றாள் அவள்.

"முடியுமா உன்னால?"

"தெரியல. முடியலன்னா சொல்றேன்."

நடந்தார்கள். அவர் முன்னால் போய்விடாமல், தாங்கிப் பிடிக்கவும் போகாமல், கையை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்திலேயே நடந்தார். செருப்புக் கடை தாண்டியது, பாத்திரக் கடை தாண்டியது. அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துக் கேள்வியை விழுங்கினார். தெருமுனைக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது.

"முடியலங்க" என்றாள்.

அவர் நின்றார்.